விடுதலும் ஈதலும்

மனித வாழ்க்கையில் சேர்க்கும் பருவம் ஒன்று உண்டு. சேர்த்ததைப் பிரித்துக் கொடுக்கும் பருவம் மற்றொன்று உண்டு. முதற்பருவத்திற்கு வழிகாட்டுவோர் பலர். பெற்றோரும் பள்ளியும் வங்கியும் வணிகரும் ஓயாமல் அதைப் பற்றியே பேசுகின்றனர். இரண்டாம் பருவம் வரும்போது மனிதன் பெரும்பாலும் தனியே நிற்கிறான். மலேசியாவில் அரசு ஊழியர்க்கு முன்னொரு காலத்தில் 55 ஆக இருந்த கட்டாய ஓய்வு வயது, படிப்படியாக உயர்ந்து 2012ஆம் ஆண்டில் 60 ஆயிற்று. 2013ஆம் ஆண்டு ஜூலை முதல் தனியார் துறையிலும் 60 வயதே குறைந்தபட்ச ஓய்வு வயதாயிற்று. சேமநிதிப் பணத்தை எப்படிப் பெறுவது, எப்படிக் காப்பது என்று ஓய்வு பெறுவோர்க்கு எடுத்துரைக்கப் பலர் முன்வருகின்றனர். நாற்பது ஆண்டுகளாக ஒரு வீட்டில் குவிந்த பொருள்களை என்ன செய்வது என்று எடுத்துரைப்போர் அரியர்.

இது வீட்டை ஒழுங்கு செய்யும் சிறு வேலை என்று பலர் கருதுகின்றனர். ஆராய்ந்து பார்த்தால், இஃது ஓர் அறவியல் வினா என்பது விளங்கும். ஒரு பொருள் உண்மையில் யாருடையது? அதை வைத்திருக்கும் உரிமை எதுவரை செல்லும்? அதைக் கைவிடும்போது மனிதனுக்குக் கடமை ஏதேனும் உண்டா? பெரிய வீட்டை விட்டுச் சிறிய அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயரும் முதியவர், தாம் அறிந்தோ அறியாமலோ, இம்மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்லிவிட்டே கதவைப் பூட்டுகிறார்.

தீவும் வீடும்

பினாங்குத் தீவின் நடுவே மலைகள், சுற்றிலும் கடல். இடைப்பட்ட சமநிலம் சிறிது. 1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய பின் எழுந்த ஜார்ஜ் டவுன் நகரம், அச்சிறு நிலத்தில் கடைவீடுகளை வரிசை வரிசையாக அமைத்துக்கொண்டது. கீழே கடை, மேலே குடியிருப்பு, முன்னே அஞ்சடி, நடுவே காற்றும் வெளிச்சமும் இறங்கும் திறந்த முற்றம். அகலம் குறைவு, நீளம் மிகுதி. பினாங்குத் தெருவிலும் மார்க்கெட் தெருவிலும் சூலியாத் தெருவிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல, இத்தகைய வீடுகளில்தான் தலைமுறைகளைக் கண்டன. மாடிப்படியின் அடியில் ஓரிடம், பரணில் ஓரிடம், பின்கட்டில் ஓரிடம் என எப்பொருளுக்கும் அங்கே இடம் கிடைத்தது. ஆகவே எப்பொருளைப் பற்றியும் முடிவு செய்யவேண்டிய தேவை எழவில்லை. இடம் மிகுந்த வீடு முடிவுகளைத் தள்ளிப்போட உதவுகிறது.

1960களில் நிலைமை மாறத் தொடங்கியது. ஆயர் ஈத்தாம் பகுதியில் ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடிகள் எழுந்தன. 17, 18 மாடிகள் கொண்ட அக்கட்டடங்கள், முன்கூட்டியே வார்த்த பாகங்களைப் பொருத்திக் கட்டும் முறையை மலேசியா கையாண்ட முதற்பணிகளுள் அடங்குவன. 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற தொழில் மண்டலம் தோன்றியபின் தீவின் மக்கள் வாழ்க்கை தெற்கு நோக்கியும் பரவியது. வீடுகள் வான் நோக்கி உயர்ந்தன. இன்று பினாங்கில் ஓய்வு பெறும் ஒருவர், மாடிப்படி ஏற முழங்கால் மறுப்பதாலோ, பிள்ளைகள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் அதற்கு அப்பாலும் வாழ்வதாலோ, தோட்டத்துப் புல்லை வெட்ட ஆளில்லாததாலோ, மின்தூக்கியும் காவலரும் உள்ள ஒரு சிறு வீட்டை நாடுவது இயல்பாகிவிட்டது. ஐந்து அறைகளில் பரந்திருந்த வாழ்க்கை, ஏழு நூறு சதுர அடிக்குள் ஒடுங்கவேண்டும். தள்ளிப்போடப்பட்ட முடிவுகள் யாவும் ஒரே வாரத்தில் வாசலில் வந்து நிற்கின்றன.

வலிந்து விடுதலும் விரும்பி விடுதலும்

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாகக் காணவேண்டும். பொருளைக் குறைப்பது யாவர்க்கும் நன்று என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. பினாங்கின் வரலாறே அதற்குச் சான்று. 1948ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாளுக்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை, 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் உயராமல் வைத்திருந்தது. அதன் நிழலில் எளிய மக்கள் பலர் நகரின் நடுவே குறைந்த வாடகையில் வாழ்ந்தனர். 1997இல் அச்சட்டத்தை நீக்க முடிவாயிற்று. 1999ஆம் ஆண்டின் இறுதியோடு கட்டுப்பாடு முற்றாக அகன்றது. வாடகை ஏறியது. பல முதியோர், பிறந்து வளர்ந்த தெருவை விட்டு, அறியாத இடத்துச் சிறு வீடுகளுக்குச் சென்றனர். 2008ஆம் ஆண்டு ஜூலையில் ஜார்ஜ் டவுன், மலாக்காவுடன் சேர்ந்து உலக மரபுடைமை நகரமாக அறிவிக்கப்பட்டது. சுவர்களுக்கும் கூரைகளுக்கும் பாதுகாப்பு வந்தது. அச்சுவர்களுக்குள் வாழ்ந்தோர் பலர் அதற்கு முன்பே வெளியேறிவிட்டனர்.

அவ்வாறு வெளியேற்றப்பட்டவரிடம் பற்றின்மையைப் போதிப்பது அறமாகாது. தோட்டங்கள் விற்கப்பட்டபோது, வேலையோடு வீட்டையும் இழந்து லயத்தை விட்டு வெளியேறிய தொழிலாளரிடமும் அதைச் சொல்லுதல் தகாது. பறிக்கப்பட்டதை ஒருவர் துறந்ததாகக் கூறுவது, இழப்புக்கு மேல் இழிவைச் சேர்ப்பதாகும். தேர்ந்தெடுக்கும் உரிமை எங்கே உள்ளதோ அங்கேதான் அறம் தொடங்குகிறது. எனவே இங்கு ஆராயப்படுவது, போதிய பொருளும் போதிய காலமும் வாய்க்கப்பெற்று, தம் விருப்பத்தால் சிறிய வீட்டுக்குச் செல்வோரின் கடமையாகும்.

துறவா, இல்லறமா?

முதுமையில் பொருள்களைக் குறைப்பதைத் துறவுக்கு முன்படி என்று கூறும் வழக்கம் உண்டு. வானப்பிரத்தம் என்னும் பழைய சொல்லும் துணைக்கு அழைக்கப்படுகிறது. ஆனால் காட்டை நாடிச் செல்வோரின் நிலை வேறு. பன்னிரண்டாம் மாடிக்குச் செல்வோரின் நிலை வேறு. பின்னவர் அங்கேயும் உலை வைக்கிறார், மின்கட்டணம் செலுத்துகிறார், பேரப்பிள்ளைகளை எதிர்பார்க்கிறார். அவர் இல்லறத்தார்தாம்.

திருக்குறளின் அமைப்பு இவ்விடத்தில் எண்ணத்தக்கது. ஈகை 23ஆம் அதிகாரம். அஃது இல்லறவியலில் உள்ளது. துறவு 35ஆம் அதிகாரம். அது துறவறவியலில் உள்ளது. கொடுத்தல் வேறு, துறத்தல் வேறு என்பதை இவ்வைப்பு முறையே உணர்த்துகிறது. துறப்பவன் தன் பற்றை அறுப்பதில் கருத்தூன்றுகிறான். அவன் விட்ட பொருள் எங்கே போயிற்று என்பது அவனுக்குப் பெரிதன்று. கொடுப்பவனுக்கோ, பெறுபவன் முகம் கண்முன் நிற்கவேண்டும். சிறிய வீட்டுக்குச் செல்லும் இல்லறத்தார் தம் பொருளை விடுவது துறவாக இருக்க இயலாது. அஃது ஈகையாக இருக்கவேண்டும். அல்லது வெறும் எறிதலாகிவிடும். இடைப்பட்ட நிலை ஒன்று இல்லை.

மூன்றாம் கேள்வி

வீட்டுப் பொருள்களைக் குறைப்பதற்கு இக்காலத்தில் உலகெங்கும் பல முறைகள் கூறப்படுகின்றன. ஜப்பானியரான மாரி கோண்டோவின் முறை 2010களில் பெரும்புகழ் பெற்றது. ஒவ்வொரு பொருளையும் கையிலெடுத்து, இது மகிழ்ச்சி தருகிறதா என்று கேட்கச் சொல்கிறார் அவர். தராதவற்றுக்கு நன்றி கூறி விடைகொடுக்க வேண்டும். சுவீடன் நாட்டிலோ, இறப்பதற்கு முன்பே தம் பொருள்களை ஒழுங்குசெய்து வைப்பதற்கு டோஸ்டேட்னிங் என்று ஒரு தனிச் சொல்லே உண்டு. அங்கே கேட்கப்படும் கேள்வி, எனக்குப் பின் இது பிறர்க்குச் சுமையாகுமா என்பது. இரண்டும் பயனுள்ள கேள்விகளே. முன்னது தன் மகிழ்ச்சியை நோக்குகிறது. பின்னது பிறர் துன்பத்தைத் தடுக்கிறது. மூன்றாவது கேள்வி ஒன்று எஞ்சியிருக்கிறது: இது யார்க்குப் பயன்படும்?

தமிழ் மரபு இக்கேள்வியை நன்கு அறியும். அதியமானுக்கு அரிய நெல்லிக்கனி ஒன்று கிடைத்தது. அதை உண்பதால் நீண்டநாள் வாழலாம் என்பதையும் அவன் அறிந்திருந்தான். ஆயினும் அதனை ஔவைக்கு ஈந்தான். அவன் கைவிட்டது ஒரு கனி. அவன் தேர்ந்தெடுத்தது ஒரு கை. பாரி முல்லைக்குத் தேர் ஈந்த செய்தியும் புகழ்பெற்றதே. அவன் நெஞ்சின் அகலத்தைப் புலவர் போற்றினர்; அது போற்றத்தக்கதே. எனினும் முல்லைக்கு வேண்டியிருந்தது ஒரு கொழுகொம்பு. மன்னன் கொடுத்ததோ தேர். இல்லற வாழ்வில் பின்பற்றுவதற்கு உரியது அதியமானின் தேர்வேயாகும். மகனின் சிறிய வீட்டில் பெரிய தேக்குக் கட்டிலைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, அன்பால் தந்தேன் என்று சொல்லும் தந்தை, பாரியைப் பின்பற்றுவதாக எண்ணிக்கொள்கிறார். அங்கே கொடை சுமையாகிறது.

இன்னொரு குறையும் கடியத்தக்கது. உடைந்த நாற்காலியையும் கிழிந்த துணியையும் ஓடாத மின்விசிறியையும் ஆதரவற்றோர் இல்லங்களின் வாசலில் வைத்துவிட்டுத் திரும்புவோர் உளர். அது குப்பையை இடம் மாற்றுவதாகுமே அன்றி ஈகையாகாது. அதனை அப்புறப்படுத்தும் செலவும் உழைப்பும் அவ்வில்லத்தார் தலையில் விழுகின்றன. தமக்குத் தருவதாயின் ஏற்போமா என்று எண்ணிப்பார்த்தபின் கொடுப்பதே முறை.

காலமும் அறத்தின் ஒரு கூறாகும். கண்ணும் கையும் நினைவும் நலமாக இருக்கும்போது கொடுத்தால், பொருளோடு அதன் கதையையும் கொடுக்கலாம். இந்தக் குத்துவிளக்கு யார் வாங்கியது, எந்தக் கப்பலில் வந்தது, எந்தத் திருமணத்தில் ஏற்றப்பட்டது என்று சொல்லிக் கொடுக்கலாம். கொடுப்பவர் மறைந்தபின் அதுவே எடைக்குப் போகும் பித்தளையாகிவிடுகிறது.

இருவர் உடைமை

குறைக்கும் வேலையில் பெரும்பாலும் மறக்கப்படுவது, வீட்டுப் பொருள்கள் ஒருவர் உடைமை அல்ல என்னும் உண்மை. கணவர் தம் புத்தகங்களைத் தொடவிடாமல், அடுக்களைப் பாத்திரங்கள் எதற்கு இத்தனை என்று கேட்பது பல வீடுகளில் நிகழ்வது. அம்மியும் ஆட்டுக்கல்லும் மின்னரைவை இயந்திரம் வந்தபின் பயனற்றவை என்று அவர் கருதலாம். நாற்பது ஆண்டுகள் அக்கல்லின்முன் அமர்ந்திருந்த மனைவியே அதைப் பற்றிச் சொல்லும் உரிமையுடையவர். அது வேண்டும் என்று அவர் சொல்லக்கூடும். அந்தக் கல்லை இனிக் காணவே விரும்பவில்லை என்றும் சொல்லக்கூடும். கேட்டறியாமல் முடிவு செய்வது, கொடைக்கு முன்பே நீதியைத் தவறவிடுவதாகும்.

பெரிய அண்டாக்களும் தாம்பாளங்களும் வேறொரு வகையின. முன்னாளில் ஒரு வீட்டு அண்டா தெருமுழுதுக்கும் உரியதாக இருந்தது. திருமணத்திற்கும் அன்னதானத்திற்கும் அது வீடு வீடாகச் சென்று வந்தது. பெயர் பொறித்திருந்தது ஒருவருடையது. பயன் கொண்டது பலர். இத்தகைய பொருளுக்குப் பொது இடமே தகுந்த இடம். பினாங்குத் தமிழர்க்கு இக்கருத்துப் புதிதன்று. 1833ஆம் ஆண்டு முதல் குயின் தெருவில் விளங்கும் மகாமாரியம்மன் கோயிலும், தண்ணீர்மலையில் நகரத்தார் நிறுவிய கோயிலும், தனியார் பொருள் பொதுப்பொருளாக மாறியதன் அடையாளங்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலைச் சுற்றி அமைந்த வக்ஃபு நிலங்களும் அத்தகையனவே. ஒருமுறை அறத்திற்கென ஒதுக்கிய சொத்து மீண்டும் தனியார் உடைமையாகாது என்பது வக்ஃபின் கொள்கை. காந்தியடிகள் கூறிய அறங்காவலர் கொள்கையும் இதற்கு நெருங்கியது. செல்வமுடையோர் அதற்கு உரிமையாளர் அல்லர். பிறர் பொருட்டு அதைக் காப்போர். இக்கண்கொண்டு பார்க்கும்போது, வீடு மாறுதல் என்பது காவலர் மாறும் நிகழ்ச்சியாகிறது.

ஏடுகளின் கதி

தமிழாசிரியர் வீட்டில் இக்கடமை மற்ற வீடுகளினும் கனமானது. அங்கே பாத்திரங்களைவிடப் புத்தகங்கள் மிகுதி. நாற்பது ஆண்டுகளின் பாடநூல்கள், மலைநாட்டு எழுத்தாளர்கள் தம் செலவில் அச்சிட்ட சிறுகதைத் தொகுப்புகள், பள்ளி ஆண்டுமலர்கள், நாடக அழைப்பிதழ்கள், மாணவர் கடிதங்கள், செய்தித்தாள் நறுக்குகள் ஆகியவை அலமாரியிலும் அட்டைப்பெட்டியிலும் கிடக்கின்றன. வெளியே பழைய தாள் வாங்கும் லாரி ஒலிபெருக்கியுடன் வருகிறது. எல்லாம் கிலோ கணக்கில் எடைக்குப் போகின்றன. நூறு ஆண்டுப் பழமையுள்ள ஏடும் நேற்றைய விளம்பரத் தாளும் தராசில் ஒரே விலை பெறுகின்றன.

தமிழுலகம் இவ்விழப்பை முன்பே ஒருமுறை கண்டது. உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஓலைச்சுவடிகளைத் தேடியபோது இருவகைத் துன்பங்களைச் சந்தித்தார். சிலர் படிக்கவும் மாட்டார், கொடுக்கவும் மாட்டார், சுவடிகளைக் கட்டிவைத்துச் செல்லுக்கு இரையாக்கினர். வேறு சிலர் ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டனர். முன்னவர் பற்றினால் அழித்தனர். பின்னவர் பற்றின்மையால் அழித்தனர். இருவர்க்கும் நடுவே, கேட்டவர்க்கு எடுத்துக் கொடுத்த நல்லோரும் இருந்தனர். அவர்களால் 1887இல் சீவக சிந்தாமணியும் 1889இல் பத்துப்பாட்டும் 1894இல் புறநானூறும் ஐயரின் பதிப்பாக அச்சேறின. 1942இல் ஐயர் மறைந்தார். அவர் சேர்த்தவை சிதறாமல், மறு ஆண்டே ருக்மிணிதேவி அருண்டேலின் முயற்சியால் ஒரு நூலகமாயின.

தண்ணீர்மலைக் கோயிலை நிறுவிய நகரத்தாரின் தாயகமாகிய செட்டிநாட்டில், கோட்டையூரில் வாழ்ந்தவர் ரோஜா முத்தையா. நூல்களை மட்டுமன்றித் திருமண அழைப்பிதழ்களையும் நாடகத் துண்டறிக்கைகளையும் அவர் சேர்த்தார். கண்டோர்க்கு அவை வெறும் தாள்களாகத் தோன்றியிருக்கும். 1992இல் அவர் மறைந்தபின், ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் கொண்ட அத்தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. தமிழ்நாட்டை விட்டு அகற்றாமல், 1994இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக்கியது. தொகுத்தவர் ஒருவர், ஏற்று நடத்தியோர் பிறர். இருசாராரும் இல்லையேல் அந்நூலகம் இல்லை.

மலேசியத் தமிழர்க்கும் இக்கடமை இன்று நெருங்கி நிற்கிறது. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நின்றுபோயிற்று. நாள்தோறும் வாசலில் வந்து விழுந்த காலத்தில் அது மலிந்த தாள். இனி வராது என்றான பின், ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியரின் கட்டிலடியில் கிடக்கும் நறுக்குக் கட்டு ஓர் ஆவணம் ஆகிவிட்டது. பினாங்கின் ஈரக்காற்றும் கரையானும் இராமபாணப் பூச்சியும் அதற்காகக் காத்திருப்பதில்லை.

எல்லாவற்றையும் காக்கவேண்டும் என்பது இதன் கருத்தன்று. அஃது இயலாது. ஐம்பது படிகள் பிற இடங்களில் உள்ள பாடநூலை விடலாம். பேராசையால் சேர்த்துப் படிக்காமல் விட்ட நூல்களை இளையோர்க்குக் கொடுக்கலாம். பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. எந்த நூல் எந்தப் பள்ளிக்கு வேண்டும் என்று முதலில் கேட்டறியலாம். உள்ளூரில் அச்சாகி அருகிப்போனவற்றைத் தனியே பிரித்து, பட்டியல் எழுதி, பல்கலைக்கழக நூலகம் போன்ற காக்கும் இடத்திற்குக் கேட்டெழுதலாம். நிழற்படங்களின் பின்புறம் பெயரையும் ஆண்டையும் பென்சிலால் குறித்து வைக்கலாம். பெயரில்லாப் படத்தை அடுத்த தலைமுறை அயலார் படமென்று விலக்கிவிடும். இப்பணியில் மாணவர்க்கும் பங்குண்டு. முதிய ஆசிரியர் ஒருவரின் புத்தகங்களை இரண்டு சனிக்கிழமைகள் உடனிருந்து பிரித்துக் கொடுக்கும் மாணவன், இலக்கிய வரலாற்றை வேறெங்கும் கிடைக்காத வகையில் கற்றுக்கொள்கிறான்.

காந்தியடிகள் 1948இல் மறைந்தபோது விட்டுச்சென்ற உடைமைகள் கண்ணாடி, செருப்பு, கடிகாரம், உணவுக் கிண்ணம் போன்ற சில. ஆனால் அவருடைய எழுத்துகளின் தொகுப்போ 100 தொகுதிகள். அவர் எழுதிய கடிதங்களைப் பெற்றவர்கள் எறிந்துவிடாமல் வைத்திருந்து, உரிய காலத்தில் கொடுத்ததால் அது கைகூடியது. உடைமையைக் குறைத்தலும் நினைவைக் காத்தலும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

எஞ்ச வேண்டியவை

பழகிய பொருள்களைப் பிரிந்தால் முதியோர் தம்மையே இழந்ததுபோல் வாடுவர் என்று கூறுவாரும் உளர். அக்கூற்றில் உண்மை உண்டு. கை பழகிய காப்பிக் குவளையும், தாயார் அமர்ந்த பலகையும் வெறும் பொருள்கள் அல்ல. சிறிய வீடு என்பதற்காக அவற்றையும் பறிகொடுத்து, விடுதி அறைபோல் வெறுமையாக வாழவேண்டியதில்லை. எதை வைத்துக்கொள்வது என்பதும் கடமையைச் சேர்ந்த கேள்வியே. நாள்தோறும் கை தொடுவது, நினைவை உயிரோடு வைத்திருப்பது, பிறர்க்கு இடம் தருவது என்னும் மூவகைப் பொருளும் சிறிய வீட்டில் இருக்கத் தகுதியுடையன.

மூன்றாவதைச் சற்று விளக்கவேண்டும். இடமில்லை என்று சொல்லி விருந்தினர்க்குரிய பாயையும் தலையணையையும் முதலில் விட்டுவிடுவோர் பலர். இரண்டு பேர்க்கு இரண்டு தட்டு போதும் என்று கணக்கிடுகின்றனர். கணக்குச் சரி, வாழ்க்கை பிழையாகிவிடுகிறது. விருந்தோம்பலும் இல்லறவியலில் அமைந்த அறமேயாகும். வெளியூர் மாணவன் ஒருவன் வந்தால் விரிப்பதற்கு ஒரு பாயும், அண்டை வீட்டார் வந்தால் அமர்வதற்கு ஒரு நாற்காலியும் உள்ள வீடு, எத்தனை சதுர அடியாயினும் பெரிய வீடே.

அடுக்குமாடியில் அண்டை என்பதற்குப் புதிய பொருளும் உண்டு. வாசலுக்கு வெளியே உள்ள நடைவழி பொதுச் சொத்து என்பதை அடுக்குமாடிச் சட்டம் வரையறுக்கிறது. உள்ளே இடமில்லாத செருப்பு அலமாரியையும் பழைய பெட்டியையும் அங்கே நிறுத்துவோர், தம் வீட்டைப் பெரிதாக்கிக்கொள்வதாக எண்ணுகின்றனர். தீ மூண்டால் அவ்வழியேதான் எல்லாரும் இறங்கவேண்டும். கடைவீட்டின் அஞ்சடி மழையிலும் வெயிலிலும் வழிப்போக்கர்க்கு விடப்பட்ட இடம். அந்தப் பண்பைப் பன்னிரண்டாம் மாடிக்கும் கொண்டு செல்வதில் தடையேதும் இல்லை.

பொருள்களைச் சேர்க்கும் காலத்தில் மனிதன் எதை வாங்கினான் என்பதைக் கொண்டு அவன் ஆசைகளை அறியலாம். பிரிக்கும் காலத்தில் எதை யாரிடம் ஒப்படைத்தான் என்பதைக் கொண்டு அவன் யார் யாரை நினைத்து வாழ்ந்தான் என்பதை அறியலாம். ஓய்வு பெற்றோர்க்கு வாய்க்கும் இந்தச் சில திங்கள் அரிய வாய்ப்பாகும். லாரி வரும் நாளைக் குறிப்பதற்கு முன், பெறுவோர் பெயர்களைக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். பட்டியலில் பெயர்கள் நிறையும்போது பெட்டிகள் தாமே குறையும்.